மீசான் எழுத்து

எங்கள் தோணித்துறையில் ஆண்கள் கனக்க ஆரம்பித்ததற்குக் குடிதண்ணீர்தான் காரணம் என்று இன்றைக்கும் சாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள், மீன் கெடாமலிருக்கத் தடவும் மருந்துதான் காரணம் என்பவர்கள் இருக்கிறார்கள், கடலுக்கடியில் எவனோ குழாய் பதித்ததால் வந்த வினை என்று சொல்லிவிட்டு, எவன் பதித்தான் என்று கேட்டால் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு பேச்சை மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் காரணம் என் எதிர்வீட்டு ஹஃப்ஸா வரைந்த எழுத்து என்பது ஹஃப்ஸாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கனத்துப்போய் மணலுக்குள் இறங்கிய ஆண்களுக்கும் கடைசியில் தெரிந்துதான் இருந்தது. நான் கனி. ஊருக்கெல்லாம் கனி லாத்தா. என் புருஷன் மௌத்தாகி வெகு காலமாகிவிட்டது, பிள்ளையும் கிடையாது, ஆகவே இந்தக் கதையில் எனக்குப் பறிபோக ஒன்றுமில்லை. பறிகொடுத்தவளை எதிர்வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நான், எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை, அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்கள் முன்னோர் பேசியது தமிழ், எழுதியது அரபு எழுத்தில். வைத்தியக் குறிப்பு, கல்யாணப் பாட்டு, கப்பலில் போனவனுக்கு வீட்டு விசேஷம் எல்லாம் வலமிருந்து இடமாக ஓடும், வாய்விட்டு வாசித்தால் நம் அடுப்பங்கரைத் தமிழாக இருக்கும். அந்த எழுத்தில் மிக அழகானது பெரிய பள்ளிவாசலின் அடக்கத்தலமான மையவாடியில் இருக்கிறது. மீசான் கற்களில், அதாவது கபருக்குத் தலைமாட்டில் நடுகிற கற்களில், பேர் தெரியாத ஒரு கல்தச்சன் எந்தக் காலத்திலோ கொத்தி வைத்தது. அவன் கொத்திய அலிஃப் என்ற முதலெழுத்து விறைப்பாக நிற்காது, தொழுகையில் நிற்கிறவனைப் போலக் கொஞ்சம் தலை குனிந்திருக்கும்; வார்த்தை முடிகிற இடத்தில் யா என்ற எழுத்தின் வால் பின்னோக்கி ஓடி முழு வார்த்தையையும் அடியிலிருந்து தாங்கும்; உப்புக்காற்று முனைகளையெல்லாம் தேய்த்து, எழுத்து கல்லில் கொத்தியதாக இல்லாமல் கல்லிலிருந்து ஊறி வந்ததாகத் தெரியும். இதெல்லாம் நான் கண்ணால் பார்த்ததில்லை, எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. ஹஃப்ஸா சொல்லித்தான் தெரியும், அவளும் கண்ணால் பார்த்ததில்லை.

வடக்கே ஒரு கல்லூரியில் எழுத்துரு வரைகிற படிப்பைப் படித்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது ஊர் சிரித்தது, எழுத்து வரைய ஒரு படிப்பா, அஞ்சு வயசில் ஓதப் போனபோதே நாமெல்லாம் வரைந்தவர்கள்தானே என்று. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழைய கல்லெழுத்தைக் கணினிக்குள் கொண்டுவந்து, போனில், அச்சில், பெயர்ப்பலகையில் எங்கே வேண்டுமானாலும் ஓட விடவேண்டும் என்பது அவள் ஆசை, அதற்குக் கற்களின் படி வேண்டும், படியெடுக்க ஓர் ஆண் வேண்டும். அவளுடைய மாமா மகன் அனஸ் இருந்தான், படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன், கூப்பிடு தூரத்தில் அவன் வீடு, ஒல்லியென்றால் அப்படி ஒல்லி, காற்றடிக்கிற நாளில் அவனைக் கரைக்கு அனுப்பாதீர்கள் என்று அவன் உம்மாவிடம் எல்லாரும் கேலி பேசுவார்கள்.

பின்னேரத்து அஸர் தொழுதுவிட்டு அவன் மையவாடிக்குப் போவான், கல்லின்மேல் மெல்லிய தாளை விரித்துக் கரிக்கட்டையைப் படுக்கவைத்துத் தேய்ப்பான், குழிந்த எழுத்து மட்டும் வெள்ளையாக நின்றுவிடும், அதைச் சுருட்டிக்கொண்டு மூக்கெல்லாம் கரியோடு எங்கள் தெருவுக்குள் வருவான். ஹஃப்ஸா கதவுக்குப் பின்னால் நின்று வாங்கிப் பார்ப்பாள்.

"வால் பாதியில நின்னுபோச்சு மச்சான். மறுபடி போகணும்."

"அந்தக் கல்லுல வாலே அவ்வளவுதான் புள்ளே. மிச்சம் மண்ணுக்குள்ள போயிட்டது."

"மண்ணைத் தள்ளிப் பார்த்தீங்களா?"

"கபர்ல இருக்கிறவர் எந்திரிச்சு ஏன்டான்னு கேட்டா நீ வந்து பதில் சொல்றியா?" என்பான், ஆனால் மறுநாள் போய் மண்ணைத் தள்ளிவிட்டுத் தேய்த்துக்கொண்டு வருவான். அப்படித்தான் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பிரியப்பட்டது. மற்ற ஊரில் பூ கொடுப்பார்கள், இங்கே செத்தவர்களின் பெயரைச் சுருட்டிக் கொடுத்தான். பெரும்பாலான அரபு எழுத்துகளுக்கு நான்கு உடம்பு, தனியாக நிற்க ஒன்று, முதலில் நிற்க, நடுவில் நிற்க, கடைசியில் நிற்க என்று. எதனோடு எது சேர்ந்தாலும் மூட்டுத் தெரியாமல் ஓடவேண்டும். அத்தனையையும் அவள் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து, கல்தச்சன் கை எங்கே அழுத்தியது எங்கே தயங்கியது என்று தாளின் கரியிலிருந்தே கண்டுபிடித்து முடித்தாள். அவள் கைக்கு வந்ததெல்லாம் ஊதினால் பறக்கிற தாள், கல்லின் கனம் என்ன என்பது அவளுக்குத் தெரிய வழியே இல்லை.

வேலை முடிகிற சமயத்தில் அவள் வாப்பா மௌத்தானார். பிள்ளைகள் தகப்பன் பேரில் கிணறு வெட்டுவார்கள், மரம் நடுவார்கள், பள்ளிவாசலுக்கு மின்விசிறி வாங்கி வைப்பார்கள். செய்தவன் செத்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கிற தர்மம், ஸதகத்துல் ஜாரியா என்று அதற்குப் பேர். ஹஃப்ஸா தன் எழுத்தை வாப்பா பேரில் அப்படித் தர்மமாக விட்டாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஒரு காலத்திலும் யாரும் திரும்பக் கேட்கமாட்டார்கள் என்று எழுதி இணையத்தில் ஏற்றினாள். ஊர்ப் பேரையே எழுத்துக்கு வைத்தாள். இதைவிட நல்ல காரியத்தை ஒரு பிள்ளை செய்ய முடியுமா என்று நானே அவள் தலையைத் தடவிச் சொன்னேன்.

அந்த எழுத்தில் முதலில் அச்சானது அவளுடைய கல்யாணப் பத்திரிகை. நடுவில் மாப்பிள்ளை பேர், மீரா லெப்பை மகன் ஹமீது அனஸ், பாக்கை அறுத்து வைத்தது போலக் கச்சிதமாக, தலை குனிந்த அலிஃபோடும் வார்த்தையைத் தாங்குகிற வாலோடும்; பெண்ணின் பேர் கிடையாது, இன்னாருடைய மகள் என்று மட்டும் இருக்கும், பெண் பேரை அச்சில் ஏற்றுவது எங்கள் ஊர் வழக்கமில்லை. அதை வாங்கிப் பார்த்தவர்கள் வாசிக்காமலே கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவு அழகு. நிக்காஹ் முடிந்து, எங்கள் முறைப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவந்தான். வந்த ஒரு வாரத்துக்குள் கட்டில் கால் உடைந்தது.

புதுமாப்பிள்ளை கட்டில் உடைந்தால் ஊர் என்ன பேசுமோ அதைப் பேசியது. அப்புறம் சைக்கிளின் சட்டம் வளைந்தது. அப்புறம், அவன் ஏறின படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, எஞ்சினோடு அவனையும் தண்ணீருக்குக் கொடுக்கப் பார்த்தது. படகுக்காரர்கள் அவனை இறக்கிவிட்டு, மாமியார் வீட்டு நெய்ச்சோறு கொஞ்சம் குறைத்துக்கொள் என்றார்கள். ஆள் பார்க்க அதே ஒல்லிதான், சட்டை அதே தொளதொளப்புத்தான், ரேஷன் கடைத் தராசில் ஏற்றினால் மட்டும் முள் போய் மறுபக்கம் முட்டிக்கொண்டு நின்றது. கடைக்காரர் தராசைத் தட்டிப் பார்த்துவிட்டு, துரு, என்றார்.

அந்த வருஷம் ஊரில் நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும் ஹஃப்ஸாவின் எழுத்தில்தான் பத்திரிகை, ஒரு மாப்பிள்ளை பாக்கியில்லாமல் கனத்தார்கள். அச்சகத்துக்காரர் தன் பேரை அதே எழுத்தில் பலகையில் போட்டார், நாற்காலியோடு தரையில் உட்கார்ந்தார். கால்பந்து விளையாடும் பையன்கள் சட்டை முதுகில் அவரவர் பேரை அந்த எழுத்தில் அடித்துக்கொண்டார்கள். வெளியூர் அணி வந்து ஒருவரையும் இடித்துத் தள்ள முடியாமல் திகைத்தது, ஆனால் எங்கள் பையன்கள் ஒருவனும் ஓடவில்லை, நின்ற இடத்தில் நின்றபடியே கோல் மேல் கோல் வாங்கினார்கள், அந்த மாதமே கயிறு இழுக்கும் போட்டியில் பக்கத்து ஊர்களையெல்லாம் மண்ணைக் கவ்வ வைத்தார்கள். ஊர் அதைத் தப்பாக நினைக்கவே இல்லை. வீட்டுக்குக் கனமான ஆள் வேண்டும் என்று பெண்ணைப் பெற்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள், மாப்பிள்ளையை எடை பார்த்துவிட்டு நிச்சயம் பண்ணினார்கள், மரக்கட்டில் விற்றவன் கடையை மூடினான், சிமெண்டில் திட்டுக் கட்டுகிற கொத்தனாருக்கு நல்ல காலம் வந்தது. மருத்துவ முகாம் வைத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டு உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். கடலோரத்தில் இருக்கிறவனிடம் உப்பைக் குறைக்கச் சொல்ல அந்த டாக்டர்களுக்கு நல்ல மனசு.

முதலில் உண்மையைக் கண்டது ஹஃப்ஸாதான். ஒரு பகல் அவள் என் வீட்டுக்குள் வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"லாத்தா, ஹோட்டல் வச்சிருக்கிற ஜலால் காக்காவுக்கு ஏன் கனக்கல?"

"அவருக்குத்தான் பொறந்ததிலேர்ந்து தொப்பை இருக்கே."

"விளையாடாதீங்க லாத்தா. அவர் பேர் எங்கயும் என் எழுத்துல இல்ல. போன வருஷத்துக்கு முந்தி கல்யாணம் ஆனவங்க யாருக்கும் இல்ல. எங்க மச்சானுக்குத்தான் முதல்ல, ஏன்னா முதல்ல அச்சானது அவங்க பேர்." அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள். "அந்த எழுத்து மௌத்தானவங்க பேரைத் தவிர வேற எந்தப் பேரையும் எழுதினது இல்ல லாத்தா. அதுக்கு வேற பழக்கமே இல்ல. உயிரோட இருக்கிற ஆளைக் கொண்டுபோய் நான் அதுல வச்சேன். அது எல்லாரையும் கல்லாத்தான் நினைக்குது."

நான் அவளைத் திட்டினேன், படித்த பிள்ளை பேசுகிற பேச்சா என்று. திட்டும்போதே எனக்குப் புரிந்துவிட்டது, அதனால்தான் சத்தமாகத் திட்டினேன்.

பெண்ணானதால் அவள் ஜமாஅத்துக்குப் போகமுடியாது என்பதால் அனஸ் போனான். அவன் நடந்தால் தெருக்கல் விரிசல் விடுகிற நிலைமை அப்போதே வந்துவிட்டது. தலைவர் மூசா நெய்னா ஹாஜியார், ஊர் நுழைவாயில் வளைவில் தன் பேரை அந்த எழுத்தில் பொறித்துவிட்டு இரண்டு பேர் தூக்கினால்தான் எழும்பக்கூடியவராக இருந்தவர், சுவரில் சாய்ந்தபடி கேட்டார்:

"அரபு எழுத்தாலதான் கேடு வந்துச்சுன்னு சொல்றியா தம்பி? குர்ஆன் எழுதின எழுத்தாலயா?"

"எழுத்தால இல்ல மாமா. இந்தக் கல்லோட கையெழுத்தால."

"உம் பொண்டாட்டி சொல்றாளா?"

"ஆமா மாமா."

"பொம்பளை வரைஞ்ச கோட்டுக்கு ஆம்பளை கனப்பானா?" என்று அவர் கேட்டபோது எல்லாரும் சிரித்தார்கள், சிரித்த குலுக்கலில் ஜமாஅத் மண்டபத்தின் தளம் ஒரு விரல் ஆழம் இறங்கியது. ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தீர்மானமாகக் குடிதண்ணீரைச் சோதனைக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று.

எழுத்து ஓடுகிற வரைக்கும் கனம் ஏறும் என்று கணக்குப் போட்டு, ஹஃப்ஸா தன் எழுத்தை இணையத்திலிருந்து எடுத்தாள். எடுத்த அன்றே அது வேறு பத்து இடத்தில் இருந்தது, மறுநாள் எண்ணக்கூடிய நிலையில் இல்லை; துருக்கியில் ஒருவன் ரொட்டிக்கடைக்குப் போட்டிருந்தான், மொராக்கோவில் ஒரு பள்ளிக்கூடம், மலேசியாவில் ஓர் அலங்காரக்காரி கல்யாண அட்டைகளுக்கு. அவள் ஒவ்வொருவருக்கும் எழுதினாள், தயவுசெய்து அழித்துவிடுங்கள் என்று. இவ்வளவு அழகான எழுத்தை எப்படி அழிப்பது, உங்கள் தகப்பனாருக்கு நாங்கள் தினமும் துஆ செய்கிறோம் என்று பதில் வந்தது. கல் என்றால் நட்ட இடத்தில் கிடக்கும், பெயர்த்துக் கடலில் போடலாம். இது தர்மம், ஓடிக்கொண்டே இருக்கவேண்டும் என்று அவளே மனசார நிய்யத் வைத்து விட்டது, அவளுக்காக நிற்குமா என்ன.

பிறகு அவள் வேறொன்று நினைத்தாள். எழுத்தைத் தடிமனாக வரைந்ததால்தானே இவ்வளவு, செதுக்கிச் செதுக்கி மயிரிழையாக்கினால் கனமும் அப்படியே இறங்காதா என்று உட்கார்ந்து, சோறு தண்ணீர் இல்லாமல், அத்தனை எழுத்தையும் நான்கு உடம்போடும் இளைக்க வைத்தாள். புதிய வடிவம் என்று வெளியிட்டதும் போன்களெல்லாம் தாமாகவே பழையதை மாற்றிக்கொண்டன. அந்த வாரமே ஊர் ஆண்கள் இளைத்தார்கள். கன்னம் ஒட்டியது, விலா தெரிந்தது, மோதிரம் கழன்று விழுந்தது, சர்க்கரை குறைந்துவிட்டது என்று ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டார்கள். ஆனால் கனம் ஒரு குண்டுமணி கூடக் குறையவில்லை. முன்பு அந்தக் கனத்தைத் தாங்க ஓர் உடம்பாவது இருந்தது, இப்போது ஈர்க்குச்சியில் அம்மியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி, முழங்கால் மடங்கி, முதுகெலும்பு நொறுங்குகிற சத்தம் எதிர்வீட்டிலிருந்து என் வாசல்வரை கேட்டது. ஹஃப்ஸா பழைய தடிமனையே திரும்ப ஏற்றினாள். அனஸ் அவளிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, நான் அவனாக இருந்திருந்தால் பேசியிருப்பேன்.

"முயற்சி பண்ணினியே, அது போதும்," என்றானாம். போதும் என்ற சொல்லை அவள் என்னிடம் இரண்டு தடவை சொல்லிக் காட்டினாள்.

அதற்குள் வீடுகள் உடைய ஆரம்பித்திருந்தன. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குச் சொந்தம், உம்மா மகளுக்குக் கொடுப்பது, அவள் தன் மகளுக்குக் கொடுப்பது. அந்த வீட்டின் அஸ்திவாரத்தை மாப்பிள்ளை உடைக்கிறார் என்றால் எந்த உம்மா பார்த்துக்கொண்டிருப்பாள். படகைக் கரையேற்றினால் மணல் தாங்குகிறதே, ஆளைத் தாங்காதா என்று யாரோ சொன்னார்கள், கனத்த ஆண்களையெல்லாம் பனங்கட்டை உருட்டிக் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். மணல் முதலில் கணுக்கால்வரை வாங்கிக்கொண்டது, அப்புறம் முழங்கால்வரை. பொக்லைன் கொண்டுவந்தார்கள், அதன் சங்கிலி அறுந்தது. தோண்டிப் பார்த்தார்கள், தோண்டத் தோண்ட ஆள் இன்னும் கீழே போனார், நிறுத்திவிட்டார்கள்.

மனிதன் எதற்கும் பழகிவிடுவான் என்பதை நான் அந்தக் கரையில்தான் பார்த்தேன், பார்த்திருக்கவே வேண்டாம். இடுப்பளவு மண்ணில் நின்ற ஆண்கள் ஒருவரோடு ஒருவர் அரசியல் பேசினார்கள், பக்கத்தில் இருந்தவனோடு சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நாவிதர் சின்ன ஸ்டூலோடு வந்து சவரம் செய்துவிட்டுப் போவார், கழுத்தளவு இறங்கியவர்களுக்கு அவர் மணலில் மண்டியிடுவார். பொண்டாட்டிமார் வெயிலுக்குக் குடை நட்டார்கள், தட்டில் சோற்றைப் பிசைந்து ஊட்டினார்கள், ஊட்டும்போது மாமியாரைப் பற்றிக் குறை சொன்னார்கள், அவர் ஓடிப்போக வழியில்லாமல் கேட்டார். பாங்கு சொன்னால் கையை அசைக்க முடிந்தவர் கையால் தொழுதார், முடியாதவர் கண்ணால் தொழுதார். மணல் தலைக்குமேல் மூடினவருக்கு என்ன செய்வது என்று இமாமிடம் கேட்டபோது அவர், கடலில் போனவருக்குத் தொழுவது போலத் தொழலாம் என்றார். தொழுதுவிட்டுக் குடையைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். பத்திரிகை அடித்த வரிசையில் போவார்கள் என்று எல்லாரும் நினைத்திருந்தும், அனஸ் முதல் ஆளாகப் போகவில்லை. ஹாஜியார் போனார், அச்சகத்துக்காரர் போனார், அந்த ஒல்லி உடம்பு எப்படியோ பிடித்துக்கொண்டு நெஞ்சுவரை மண்ணில் நின்றது. அதனால் ஹஃப்ஸாவுக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது, வந்திருக்கவேண்டாம்.

நம்பிக்கை அவனை மேலே கொண்டுவருவதில் அல்ல. அதை அவள் விட்டுவிட்டாள். அவனோடு தானும் போய்விடலாம் என்று நினைத்தாள்.

அவள் தன் பேரை அந்த எழுத்தில் அடித்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக. கல்யாணப் பத்திரிகையையே மறுபடி அச்சிட்டு, இன்னாருடைய மகள் என்ற இடத்தில் ஹஃப்ஸா என்று போட்டு, சுவரில் ஒட்டிவிட்டு, ரேஷன் கடைத் தராசில் ஏறி நின்றாள். முள் அவள் எடையைக் காட்டியது. மறுநாளும் அதே எடை. அதற்குள் சேதி தெரிந்து, கரையில் புருஷனை வைத்திருந்த பெண்களெல்லாம் அவள் வீட்டுக்கு வந்தார்கள், புருஷன் இல்லாதவர்களும் வந்தார்கள், என் பேரையும் போடு புள்ளே என்று. ஸுபைதா வந்தாள், நாச்சியார் வந்தாள், ஏழு பெண்ணைப் பெற்ற மும்தாஜ் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தாள், போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டே நானும் போனேன். எதற்காகப் போனேன் என்று கேட்டால், அச்சில் என் பேர் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான். ஒரே தாளில் எங்கள் எல்லார் பேரையும் அவள் அடித்தாள். கனி என்ற என் பேரின் யா எத்தனை நீளமாக ஓடி என்னைத் தாங்கியது தெரியுமா, வயசான காலத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

வரிசையாகத் தராசில் ஏறினோம். ஒருத்திக்கும் முள் கூடவில்லை. தினமும் ஏறினோம். ஓர் அரிசி எடை கூடக் கூடவில்லை.

"ஏன்டி இப்படி?" என்று கேட்டேன்.

ஹஃப்ஸா கரித்தாள்களை எடுத்து விரித்தாள், அனஸ் சுருட்டிக் கொண்டுவந்த அத்தனையையும். கல் கல்லாக விரலை வைத்துக் காட்டினாள். ஆண் பேர், ஆண் பேர், பிறகு ஓர் இன்னாருடைய மகள், மறுபடி ஆண் பேர், ஓர் இன்னாருடைய மனைவி. மையவாடி முழுக்க ஒரு பெண் பேர் இல்லை.

"அந்தத் தச்சன் கை ஒரு பொம்பளை பேரையும் கொத்தினதில்ல லாத்தா. அதுக்கு நம்மளைத் தெரியாது," என்றாள். "நான் இவ்வளவு நாளா இந்தத் தாளைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். வாலைப் பார்த்தேன், புள்ளியைப் பார்த்தேன். இதைப் பார்க்கல."

பெண்கள் ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார்கள். உலையில் அரிசி போட்டிருந்தவள் அவசரமாகப் போனாள். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை, செத்துப்போன தச்சன்மேல் கோபப்பட்டு என்ன லாபம், ஊர்மேல் கோபப்பட்டேன், இன்றைக்கும் படுகிறேன்.

அனஸுக்கு மணல் தாடைவரை வந்த அன்று மாலை, அவள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள், நான் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்று காலையில்தான் ஜகார்த்தாவிலிருந்து அவளுக்குச் சேதி வந்திருந்தது, அங்கே ஒரு பெரிய பத்திரிகை தன் தலைப்பெழுத்துக்கு அவள் எழுத்தை எடுத்துக்கொண்டதாகவும், பார்க்கிறவர்களெல்லாம் சொக்கிப்போவதாகவும். அதைப் படித்துவிட்டுப் போனை அரிசிப்பானைக்குள் போட்டு மூடிவிட்டு வந்திருந்தாள்.

"ஹஃப்ஸா," என்றான் அனஸ். அண்ணாந்துதான் பேசமுடிந்தது.

"சொல்லுங்க மச்சான்."

"அந்த எழுத்து இன்னும் ஓடுதா?"

கரண்டி நின்றது. அந்தப் பெண் பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும், சின்ன வயசில் கண்ணாடிக் குவளையை உடைத்துவிட்டு, கேட்கும் முன்னாலேயே நான்தான் உடைத்தேன் என்று வந்து நிற்கிற பிள்ளை அது.

"இல்ல மச்சான். நின்னுபோச்சு. எல்லாரும் அழிச்சிட்டாங்க."

"எல்லாருமா?"

"ஆமா. நேத்தோட கடைசி ஆளும் அழிச்சிட்டாரு. இனிமே கனம் இறங்கிடும். கொஞ்சம் நாளாகும்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நம்பினானா, அவளுக்காக நம்பினானா என்று என்னால் சொல்லமுடியாது. பிறகு அவன் முகம் இலேசாயிற்று, அதை மட்டும் நான் பார்த்தேன்.

"அதான் பார்த்தேன். மத்தியானத்திலேர்ந்து கால் கொஞ்சம் லேசா இருக்கிற மாதிரி இருக்கு," என்றான்.

"இருக்கும் மச்சான்."

"அப்ப இந்தக் கஞ்சியை நிறுத்து. காலையில இடியாப்பம் செஞ்சு கொண்டா. தேங்காப்பால் ஊத்தி."

"கொண்டாறேன்."

"சீனி நிறையப் போடு."

"போடுறேன்."

அந்தி மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். அவன் கண்ணை மூடித் தொழுதான், நாங்கள் எழுந்து வந்தோம். வீட்டுக்கு வந்ததும் அவள் அரிசி மாவைச் சலித்து வைத்தாள்.

விடிந்ததும் அவள் இடியாப்பம் பிழிந்து, முதல் தேங்காய்ப்பால் எடுத்துச் சீனி கலந்து, இரண்டையும் தூக்குச்சட்டியில் வைத்து மூடி, முந்தானையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். நடந்தோம் என்று சொல்லமுடியாது, அவள் ஓட நான் பின்னால் போனேன். குடை இருந்தது. குடைக்குக் கீழே மணல் மட்டமாக இருந்தது, அலை வந்துபோன இடம் போல வழவழப்பாக, அங்கே ஒரு தலை இருந்த அடையாளம் கூட இல்லாமல்.

சுற்றிலும் மற்றப் பெண்கள் தத்தம் புருஷர்களுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள், மறுபடி ஊட்டினாள். ஹஃப்ஸா உட்காரவில்லை, அழவில்லை. கொண்டுவந்ததை யாரிடம் கொடுப்பது என்று தெரியாதவளாகத் தூக்குச்சட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"லாத்தா," என்றாள். "இன்னும் சூடாத்தான் இருக்கு."